கூட்டம் எட்டாத தெற்கு மாலத்தீவு: தனித்தீவைத் தேர்ந்தெடுப்பது முதல் திரும்பி வருவது வரை

முதல்முறை மாலத்தீவு போனபோது, எல்லோரும் அனுப்பும் அந்தப் படத்தை நம்பித்தான் போனேன்: நீண்ட மரப்பாலம், தண்ணீர்மேல் கூரை வேய்ந்த வீடுகள், ஆள் நடமாட்டமே இல்லாத நீலம். தீவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஆறரைக்குக் காப்பியோடு வெளியே வந்து உட்கார்ந்தால், இடப்பக்கத்து வீட்டுக்காரர் வீடியோ காலில் ஊருக்கெல்லாம் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் புளூடூத் ஸ்பீக்கர். தலைக்குமேல், தண்ணீரில் இறங்கும் குட்டி விமானங்களான சீபிளேன்கள், பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழைவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக. இரவில் எதிரே இன்னொரு ரிசார்ட்டின் விளக்கு வரிசை. பணம் போனதைவிட, இதற்கு நம்மூர்க் கடற்கரை மேல் என்று தோன்றியதுதான் வலித்தது.

இரண்டாம் முறை அதைவிடக் குறைந்த வாடகைக்குத் தெற்கே போனோம். ஐந்து நாளில் கடற்கரையில் நாங்கள் எதிர்கொண்ட மனிதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இடையில் புரிந்துகொண்டது ஒன்றுதான்: மாலத்தீவில் தனிமையை வாங்கித் தருவது அறையின் ஆடம்பரமல்ல, தலைநகர் மாலேயின் விமான நிலையத்துக்கும் உங்கள் தீவுக்கும் நடுவே உள்ள தூரம். பெரும்பாலானோர் முதலில் ரிசார்ட்டைப் பிடித்துவிட்டுப் பிறகு வழியைப் பார்க்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடத்தான் இந்த வழிகாட்டி.

1. முதலில் அட்டோல், பிறகுதான் ரிசார்ட்

மாலத்தீவு ஒரு தீவல்ல. வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுமார் 1,190 குட்டித் தீவுகள். அவை வளையம் வளையமாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு வளையமும் ஓர் அட்டோல். அந்தச் சொல்லே அவர்களுடைய திவேஹி மொழியிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. அவர்கள் படகைச் சொல்லும் 'தோணி'யைக் கேட்டால் நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலே போகும் தோணிகள் இன்றும் உண்டு.

ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பது அங்குள்ள வழக்கம். 1972இல் முதல் ரிசார்ட்டான குரும்பா திறந்ததிலிருந்தே அப்படித்தான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வடக்கு மாலே, தெற்கு மாலே, ஆரி ஆகிய மூன்று அட்டோல்களில் ரிசார்ட் தீவுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அடுத்த தீவின் இசைக் கச்சேரி காற்றோடு வந்துவிடும். பா அட்டோல் கொஞ்சம் விலகியது. 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஆனால் அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மாண்டா திருக்கைகளைப் பார்க்கப் படகுகள் குவியும். திருக்கைக்காகப் போங்கள், அமைதிக்காக வேண்டாம்.

அமைதி வேண்டுமென்றால் வரைபடத்தில் கீழே இறங்குங்கள். தா அட்டோல், லாமு அட்டோல், அதற்குத் தெற்கே ஹுவாது. லாமுவில் 2011 முதல் சிக்ஸ் சென்சஸ் லாமு ரிசார்ட் இருக்கிறது. தா அட்டோலில் கோமோ மாலிஃபுஷி. இவற்றைச் சுற்றிப் பெரும்பாலும் மீனவர் தீவுகளும் ஆளில்லாத் தீவுகளுமே.

என் தேர்வு ஹுவாது. உலகின் மிகப் பெரிய அட்டோல்களில் அது ஒன்று. நிர்வாக வசதிக்காக காஃபு அலிஃபு, காஃபு தாலு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பதிவுத் தளங்களில் அந்தப் பெயர்களில்தான் தேட வேண்டும். லாமுவுக்கும் இதற்கும் நடுவே ஒன்றரைப் பாகைக் கால்வாய் என்கிற அகன்ற கடல். ஒரு நாளில் வந்து போகும் உல்லாசப் படகுகள் எதுவும் அதைத் தாண்டி வராது. 1959 முதல் 1963 வரை ஹுவாது, ஃபுவஹ்முலா, அட்டூ மூன்றும் மாலேவிலிருந்து பிரிந்து 'சுவாதீவுக் குடியரசு' என்று தனி நாடாகவே இருந்து பார்த்தன. மாலே அவ்வளவு தூரம்.

இன்னும் கீழே, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் ஃபுவஹ்முலாவும் அட்டூவும். ஃபுவஹ்முலாவில் புலிச்சுறாவோடு முங்கலாம். ஆனால் அது ஊர், ரிசார்ட் தீவல்ல. அட்டூவின் கன் தீவு 1957 முதல் 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். அங்கிருந்து சைக்கிளிலேயே தீவுக்குத் தீவு போகலாம். சரித்திரப் பிரியர்களுக்கு நல்ல இடம், சொகுசுக்கு ஹுவாதுவே.

2. மாதம்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. கடல் தெளிவாக இருக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று, மழையும் அலையும். இது பொதுக் கணக்கு. தெற்கே இந்தக் கோடு கொஞ்சம் மங்கிவிடும்: வருடத்தின் மொத்த மழை வடக்கைவிட அதிகம், ஆனால் ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும். ஜூனில் போனால் அறைக்குள்ளேயே முடங்கிவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. அரை மணி கொட்டிவிட்டு வெயில் அடிப்பதும் உண்டு, இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு.

கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை போகவே வேண்டாம். வாடகை தலைக்கேறும், புத்தாண்டு விருந்துக்கென்று கட்டாயக் கட்டணமும் பல ரிசார்ட்களில் பில்லில் ஏறும். சீனப் புத்தாண்டு, ஈஸ்டர் வாரங்களும் நெரிசல்தான். ஈஸ்டர் கழிந்த ஏப்ரல் பிற்பகுதி என் பரிந்துரை: காற்று இன்னும் மாறியிருக்காது, வாடகை இறங்கத் தொடங்கியிருக்கும்.

3. தீவை மேலேயிருந்து பாருங்கள்

அட்டோல் முடிவானதும் ரிசார்ட்டின் இணையதளத்துக்குப் போகாதீர்கள். சாட்டிலைட் வரைபடத்தைத் திறந்து தீவை உருப்பெருக்கிப் பாருங்கள். அரை மணி நேரம் செலவாகும். மூன்று ஆண்டுச் சேமிப்பைக் காப்பாற்றும்.

பச்சை எவ்வளவு என்று பாருங்கள். தீவின் நடுவில் அடர்ந்த மரங்கள் இருந்தால் அது இயற்கைத் தீவு. வில்லாவுக்கும் வில்லாவுக்கும் நடுவே உண்மையான மறைப்பு இருக்கும். நேர்கோட்டுக் கரையும் வரிசையில் நட்ட தென்னையுமாக இருந்தால் மணல் கொட்டி எழுப்பிய தீவு. நிழல் குறைவு, பவளப்பாறையும் பெரும்பாலும் இருக்காது.

கூரைகளை எண்ணுங்கள். நாற்பது ஐம்பதுக்குள் இருந்தால் நல்லது. நூறைத் தாண்டினால் தீவு பெரிதாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் காலைச் சாப்பாட்டில் ஆம்லெட்டுக்கு வரிசையில் நிற்பீர்கள்.

பிறகு தண்ணீரின் நிறம். கரையையொட்டி வெளிர்நீலம், அதைத் தாண்டி திடீரென்று கருநீலம். அந்த விளிம்புதான் ஹவுஸ் ரீஃப். பவளமும் மீனும் அங்கேதான். விளிம்பு கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருந்தால் படகு இல்லாமலே கண்ணாடி மாட்டி இறங்கிவிடலாம். அரைக் கிலோமீட்டர் வெளிர்நீலம் படத்துக்கு அழகு. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் வெறும் மணலைத்தான் பார்ப்பீர்கள். நீச்சல் தெரியாத குழந்தைகள் கூட இருந்தால் அதுவே நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பவளம் உயிரோடு இருக்கிறதா என்பதை விளம்பரப் படம் சொல்லாது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. சில தீவுகளில் தேறிவந்தன, சிலவற்றில் இல்லை. கடந்த ஆறு மாதத்தில் போனவர்கள் போட்ட தண்ணீருக்கடிப் படங்களைத் தேடிப் பாருங்கள். கடைசியாக, சுற்றுவட்டத்தில் பக்கத்துத் தீவு ஏதாவது மணலடித்துப் பெரிதாகிறதா என்று பாருங்கள். கட்டுமான இயந்திரச் சத்தம் தண்ணீர்மேல் நெடுந்தூரம் வரும்.

4. மணல்மேலா, தண்ணீர்மேலா

இங்கே என்னோடு பலர் சண்டைக்கு வருவார்கள். தண்ணீர்மேல் வில்லா பார்க்கத்தான் தனிமை. உண்மையில் ஒரே மரப்பாலத்தில் ரயில்பெட்டிபோல வரிசையாக நிற்பவை அவை. யார் நடந்தாலும் பலகை அதிரும், தள்ளுவண்டியில் பெட்டி போனால் தாளம்போடும். கடற்கரை வில்லாவுக்கு முன்னால் தாழையும் புதரும் சேர்ந்து இயற்கை வேலி போட்டிருக்கும். கதவைத் திறந்தால் மணல். விலையும் பெரும்பாலும் குறைவு. தண்ணீர்மேல் தூங்கியே ஆகவேண்டுமென்றால் கடைசி ஓர் இரவுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பல ரிசார்ட்கள் கேட்டால் செய்து தருவார்கள்.

சூரிய அஸ்தமனப் பக்கத்துக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நிலநடுக்கோட்டருகே மாலை வெயில் நேராக அறைக்குள் அடிக்கும். சாயங்காலம் தீவின் அந்தப் பக்கம் நடந்துபோய் இலவசமாகப் பார்த்துவிட்டு வரலாம். நடந்தால் பத்து நிமிடம்.

5. பில்லை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்

தளத்தில் தெரியும் விலை பாதிக்கதைதான். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதையும் சேர்த்த தொகைமேல் சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். ரிசார்ட்டில் பசுமை வரி ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். பிறகு மாலேவிலிருந்து தீவுக்குப் போய்வரும் செலவு.

உதாரணத்துக்கு, இருவருக்கு ஓர் இரவு 600 டாலர் என்று போட்டிருக்கிற வில்லா, ஐந்து இரவு: 3,000. சேவைக் கட்டணம் 300. ஜிஎஸ்டி 561. பசுமை வரி 120. போய்வர ஆளுக்கு 450 என்று வைத்தால் 900. ஆக 4,881 டாலர், இன்னும் ஒருவாய் சோறு சாப்பிடவில்லை.

அதனால் சாப்பாட்டுத் திட்டத்தைக் கட்டாயம் யோசியுங்கள். தீவில் பெட்டிக்கடை கிடையாது. ஒரு தோசைக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் அவர்கள் சொன்னதுதான் விலை. மது அருந்தாதவர்கள் 'எல்லாம் அடக்கம்' திட்டத்தை எடுத்து மற்றவர்கள் குடிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுத் திட்டம் போதும். இந்தியாவில் ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். ரசீதை வைத்திருங்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

6. விமான நேரம்: நான் கோட்டைவிட்ட இடம்

சீபிளேன்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். முதல் பயணத்தில் ஐந்து மணிக்கு மாலேவில் இறங்கினேன். மேசையில் இருந்த பையன் மரியாதையாகச் சிரித்து, "நாளைக் காலைதான் சார்" என்றான். ரிசார்ட்டில் கட்டிய முதல் இரவு போனது போனதுதான். விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் அறை போட்டு, கட்டிட வேலைச் சத்தத்தில் தூங்கினோம். நான் டிக்கெட் போட்ட நேரத்தைப் பார்த்தும் முன்பதிவில் யாரும் வாய் திறக்கவில்லை. சீபிளேன் தீவென்றால் பிற்பகல் மூன்றுக்குள் மாலேவில் இறங்குமாறு டிக்கெட் எடுங்கள்.

லாமுவுக்கும் அதற்குக் கீழே உள்ள தீவுகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு உள்நாட்டு விமானம், பிறகு ஸ்பீட் போட். அந்த விமானம் இருட்டிய பிறகும் பறக்கும். லாமுவுக்குக் கத்து, ஹுவாதுவின் வடபாதிக்குக் கூத்து, தென்பாதிக்குக் காதெத்து, அட்டூவுக்குக் கன் என்று விமான நிலையங்கள். மாலேவிலிருந்து கூத்து சுமார் ஒரு மணி நேரம். இருக்கையை நீங்களே போடாதீர்கள். படகு எப்போது தயாராக நிற்கும் என்று ரிசார்ட்டுக்குத்தான் தெரியும், அவர்களே போட்டுத் தருவார்கள்.

தமிழ்நாட்டின் தென்மாவட்டத்தவருக்கு ஒரு வசதி: திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள். நேரடி விமான அட்டவணை அடிக்கடி மாறும் என்பதால் அதை உறுதிசெய்துகொண்டு பிறகு ரிசார்ட்டுக்குப் பணம் கட்டுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு வழிதான் சுலபம்.

எடை விஷயம்: உள்நாட்டு விமானத்திலும் சீபிளேனிலும் வழக்கமாக 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. சென்னையில் 30 கிலோ அனுமதித்தார்கள் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

7. பணம் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல்

தொலைபேசியில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' வரும். எழுத்தில் கேளுங்கள். எங்கள் தேதிகளில் தீவில் எத்தனை வில்லா நிரம்பியிருக்கிறது? ஏதாவது கல்யாணமோ நிறுவனக் கூட்டமோ உண்டா? தீவிலோ பக்கத்திலோ கட்டுமானம் நடக்கிறதா? ஜெட் ஸ்கீ உண்டா? ஹவுஸ் ரீஃபுக்கு எந்த இடத்தில் இறங்க வேண்டும்? சைவச் சமையல் எந்த அளவுக்கு? ஜெனரேட்டரும் ஊழியர் குடியிருப்பும் எந்தப் பக்கம்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு ரிசார்ட் தீவும் தன் மின்சாரத்தையும் குடிநீரையும் தானே தயாரிக்கிறது. அந்த இயந்திரம் எங்கோ உறுமிக்கொண்டுதான் இருக்கும். பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே இடத்தை எடைபோடலாம். எங்களுக்கு ஒரு ரிசார்ட் வெறும் படக்கோப்பு அனுப்பியது. இன்னொன்றில் ஒரு பெண் தீவின் வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, "இந்த ஆறு வில்லாவையும் தவிருங்கள், படகுத்துறை அருகே" என்று எழுதியிருந்தார். அங்கேயே போனோம்.

8. சுங்கம், பெட்டி

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா இறங்கியதும் இலவசம். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம், பணம் கேட்கும் தளம் போலி.

மதுபாட்டில் கொண்டுபோகக் கூடாது, எடுத்துவைத்துவிடுவார்கள். ரிசார்ட்டுக்குள் கிடைக்கும், அது வேறு விஷயம். பன்றி இறைச்சி, மின்சிகரெட் கூடாது. நம்மவர்களுக்குத் தெரியாத ஒன்று: வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு. பையில் எப்போதும் இருக்கும் சின்ன வெண்கலப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சன்ஸ்கிரீன், படகுக் குமட்டலுக்கு மாத்திரை, சொந்த ஸ்நார்க்கல் கண்ணாடி. காலணி ஒரு ஜோடி போதும், அதையும் போட மாட்டீர்கள்.

9. இறங்கிய பிறகு

கூத்துவில் விமானத்திலிருந்து இறங்கியதும் சூரை மீன் வாடை அடிக்கும்; அந்தத் தீவிலேயே மீன் பதப்படுத்தும் ஆலை இருக்கிறது. முகம் சுளிக்க வேண்டாம். அந்த மீனைத்தான் மறுநாள் காலை 'மாஸ் ஹுனி'யாகச் சாப்பிடுவீர்கள்: துருவிய தேங்காய், உதிர்த்த சூரை, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்து, சப்பாத்தி போன்ற சூடான ரொஷியோடு. மாசிச் சம்பல் தெரிந்த நாக்குக்கு அது பழைய சொந்தம். மேசையில் கிடக்கும் குரோசாங்கை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் ஊழியர் சமையலறையில் நிச்சயம் இருக்கும்.

கடிகாரத்தைக் கவனியுங்கள். சில தீவுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடும். திரும்பும் படகு எந்த நேரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்கும்முன் டைவ் மையத்தில் நீரோட்டம் எந்தத் திசை என்று தினமும் விசாரியுங்கள். அட்டோலின் வாய்க்கால்களில் இழுப்பு பலமாக இருக்கும். எதிர்நீச்சலில் தொடங்கி, திரும்பும்போது ஓட்டத்தோடு வாருங்கள். பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். அது உயிர், உங்கள் காலையும் அறுக்கும்.

இரவு ஒன்பதுக்குமேல் ஒருமுறை விளக்கில்லாத பக்கம் போய்ப் படுத்துப் பாருங்கள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் காய்ந்த இலையில் சரசரக்கும் சத்தம் மட்டும் இருக்கும். அவ்வளவு கீழே வந்துவிட்டதால் துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டி மறைந்துவிடுகிறது. கல்யாணத்தன்று ஐயர் பகலில் கைகாட்டிய அருந்ததியோ, ஏப்ரல் இரவில் வடக்கே நன்றாகத் தெரிகிறாள். என் மனைவி அன்றுதான் அவளை உண்மையிலேயே பார்த்தாள். பதினொரு வருடம் தாமதமாக.

புறப்படும் நாளில் உள்நாட்டு விமானத்துக்கும் ஊர் விமானத்துக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள். தெற்கே மழை பிடித்தால் விமானம் தாமதமாகும், அடுத்தது உடனே கிடைக்காது. பவளத் துண்டு எதையும் பெட்டியில் போடாதீர்கள்; ஏற்றுமதிக்குத் தடை, மாலேவில் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். எங்கள் மகள் பொறுக்கிவைத்திருந்த ஏழு வெள்ளைத் துண்டுகளைப் படகில் ஏறும்முன் அவளே ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டாள். ஏழாவதைப் போட மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. படகோட்டி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.